உள்ளே இருக்கிறவருக்கு வைத்தியம் நடக்கவில்லை: எங்கே மனுப் போடுவது?

போன வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. கோர்ட் கூட இன்னும் அரைமணி இருந்தது. வாய்தாக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து மன்னார்குடியில் எங்கள் வக்கீல் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்தார். மகன் விசாரணைக் கைதி. ஏழு வாரமாக வெளியூரில் ஒரு சிறையில் இருக்கிறான். சனிக்கிழமை மனு பார்க்க, அதாவது சிறையில் மகனைச் சந்திக்க, போயிருக்கிறார். கையில் மஞ்சப்பை. அதற்குள் அரசு ஆஸ்பத்திரியில் தருகிற சர்க்கரை நோட்டு, ஈரத்துணியில் சுற்றிய இரண்டு இன்சுலின் குப்பி. உள்ளே விடவில்லை, கொண்டுபோனது அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

"கால் கட்டைவிரல் கருத்துப்போச்சாம் தம்பி. ராத்திரி பக்கத்துல படுக்குறவன் வாடை தாங்கலன்னு தள்ளிப் படுக்குறானாம். டாக்டர்கிட்ட காமிச்சியாடான்னா, மாத்திரை குடுத்தாங்கங்குறான்."

அதற்குள் ஊரில் மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருந்தார்கள். ஒருவர், இன்றைக்குத் திங்கட்கிழமைதானே, திருவாரூர் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடு என்றார். இன்னொருவர், ஹைகோர்ட்டில் கேஸ் போட்டால் கவர்மெண்ட் லட்சக்கணக்கில் நஷ்டஈடு தரும் என்றார். மூன்றாமவர், ஜாமீன் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வரிசை மாறினால் கால் போய்விடும்.

நான் வக்கீல் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் குமாஸ்தா. பிரிவு எண்களை எங்கள் சீனியர் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். எது சரி, எது வீண் அலைச்சல் என்று கீழே சொல்லியிருப்பதெல்லாம் என் கணக்கு.

கேட்பது என்ன?

குடும்பத்தார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதில் மூன்று தனித்தனிக் கோரிக்கைகள் கலந்திருக்கும். ஒன்று, நாளைக்கே சிகிச்சை வேண்டும். இரண்டு, ஆள் வெளியே வர வேண்டும். மூன்று, நடந்ததற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும், பணம் தர வேண்டும். முதலாவதை ஒரு வாரத்தில் சாதிக்கலாம். மூன்றாவதற்கு வருஷக்கணக்காகும். முதலாவதைக் கேட்க வேண்டிய இடத்தில் மூன்றாவதைக் கேட்டால் இரண்டும் நடக்காது.

அடுத்து, ஆள் எந்த வகை என்று பார்க்க வேண்டும். விசாரணைக் கைதிக்கு ரிமாண்ட் செய்த கோர்ட் பக்கத்திலேயே இருக்கிறது. தண்டனைக் கைதிக்கு, மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அந்த மேல்கோர்ட்டில் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம் (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 430). மேல்முறையீடும் முடிந்துவிட்டால் 1982ஆம் வருஷத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி விடுப்பு. ஊரில் பரோல் என்பது இதைத்தான். பேரறிவாளனுக்கு 2021 மே மாதம் உடல்நிலையைக் காட்டி அரசு கொடுத்த 30 நாள் விடுப்பு திரும்பத் திரும்ப நீண்டு, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை போனது எல்லாருக்கும் தெரியும். குண்டர் சட்டத்தில் இருப்பவர் என்றால் சாதாரண ஜாமீன் மனுவால் வெளியே வர முடியாது. அவருக்கு வைத்தியமாவது நடக்க வேண்டும் என்றால் ஹைகோர்ட்தான்.

உரிமை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறைக்குப் போனதால், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு வாசலிலேயே நின்றுவிடுவதில்லை. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியை வார்டர் கொடுமைப்படுத்தியதைக் கடிதமாக எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள். அதன் பிறகு "குற்றவாளிக்கு என்ன உரிமை" என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடுவதில்லை. டீக்கடையில் எடுபடும், அது வேறு.

சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதும் மனு

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். "அவங்க மேலயே புகார், அவங்களுக்கே எழுதுறதா?" என்று கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். அதனால் சிகிச்சை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும், இந்தத் தேதியில் இவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அடுத்து எந்த வாசலுக்குப் போனாலும் முதல் கேள்வி, "சிறையில் சொன்னீங்களா?"

அமெரிக்காவில் 1996ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சிறைக்குள் இருக்கிற குறைதீர்ப்பு வழிகளை முழுதும் முடித்துவிட்டுத்தான் கைதி ஃபெடரல் கோர்ட்டுக்கு வரலாம். ஒரு படி தவறினாலும் வழக்கு தள்ளுபடி. நம்மிடம் அந்தத் தடை இல்லை. ஆனால் அந்த நாட்டு வழக்கு ஒன்றை எங்கள் சீனியர் அடிக்கடி சொல்வார். டெக்சாஸ் சிறையில் கேம்பிள் என்ற கைதி லாரியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்கும்போது ஒரு பொதி மேலே விழுந்து முதுகு போய்விட்டது. கைப்பட எழுதிய மனு மேலே மேலே போய், கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976ல் சொன்னது. கொள்கை ஜெயித்தது, டாக்டர் மேல் கேம்பிள் சொன்ன புகார் நிற்கவில்லை. காரணம்? மூன்று மாதத்தில் 17 தடவை மருத்துவப் பணியாளர்கள் அவரைப் பார்த்ததாகப் பதிவு இருந்தது.

நம் ஊரிலும் வழக்குத் தோற்பது இந்த இடத்தில்தான். "சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் எதிரே ஒரு ரிஜிஸ்டர் வரும்: இந்தத் தேதியில் பார்த்தோம், மாத்திரை கொடுத்தோம். அதனால் அந்த அம்மா சொன்னதை நான் இப்படி எழுதினேன்: "என் மகன் எட்டு வருடமாகச் சர்க்கரை நோயாளி. அரசு மருத்துவமனை நோட்டின்படி காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டியவர். சிறைக்கு வந்த நாளிலிருந்து மாத்திரை மட்டும் தரப்படுகிறது. வலது கால் கட்டைவிரலில் புண் ஏற்பட்டு, சென்ற சனிக்கிழமை நான் பார்த்தபோது கறுத்திருந்தது. அறுவை மருத்துவர் யாரும் இன்றுவரை பார்க்கவில்லை. நோட்டின் நகல் இணைப்பு." கோபம் ஒரு வரிகூட இல்லை. அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதலாமேப்பா" என்றார். அழுத்தம் முழுக்க அந்த இன்சுலின் வரியில் இருக்கிறது என்று சொன்னேன்.

விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடலாம். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2005ஆம் வருஷச் சட்டத்தின் 7ஆம் பிரிவே சொல்கிறது. சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 48 மணி நேரத்தில் வருமா என்றால் நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் கேட்டதும், வராததும் பின்னால் உதவும்.

ரிமாண்ட் செய்த கோர்ட்: என் முதல் ஓட்டு இதற்கு

பெரிய கோர்ட்டுக்குப் போனால்தான் பெரிய ஆணை வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. விசாரணைக் கைதியை உள்ளே அனுப்பிய மாஜிஸ்திரேட்தான் அவருடைய காவலுக்குப் பொறுப்பு. 15 நாளுக்கு ஒருமுறை ரிமாண்டை நீட்டிக்கிறபோது அவர் முன்னால் ஆள் நின்றாக வேண்டும், இப்போது பெரும்பாலும் வீடியோவில். அந்த நேரத்தில் கைதியே வாயைத் திறந்து சொல்லலாம்: "அய்யா, கால் அழுகுது, ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகல." பத்து விநாடி போதும். மனு பார்க்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று எல்லாக் குடும்பத்துக்கும் சொல்கிறேன். பாதிப் பேர் பயந்து சொல்வதில்லை.

வக்கீல் வழியாக எழுத்தில் போடுவதென்றால் இரண்டு விதம் உண்டு. ஒன்று, சிகிச்சைக்கு உத்தரவு கேட்பது. சிறை மருத்துவர் உடனே பரிசோதித்து, வேண்டுமானால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, இத்தனை நாளில் அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு வாங்குவது. மற்றது மருத்துவக் காரணத்துக்காக ஜாமீன். பழைய 437, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 480இன்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய வழக்காக இருந்தாலும்கூட, பெண், சிறுவயதினர், நோயாளி, தளர்ந்தவர் என்றால் ஜாமீன் கொடுக்கக் கோர்ட்டுக்கு இடம் இருக்கிறது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமான பி.எம்.எல்.ஏ.வின் 45ஆம் பிரிவிலும் நோயாளிகளுக்கு இந்த விலக்கு உண்டு. கஞ்சா வழக்கில், அதுவும் வணிக அளவு என்றால், போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

இரண்டையும் ஒரே மனுவில் போடாதீர்கள் என்பது என் பிடிவாதம். ஜாமீன் என்ற சொல் வந்ததுமே அரசுத் தரப்பு நோயையே எதிர்க்க ஆரம்பித்துவிடும். சிறை மருத்துவரிடம் அறிக்கை கேட்பார்கள். "நோயாளியின் நிலை சீராக உள்ளது, சிறை மருத்துவமனையிலேயே சிகிச்சை அளிக்கலாம்" என்று ஒரு வரி வரும், ஜாமீன் தள்ளுபடியாகும். போதாக்குறைக்கு அந்த ஒரு வரி கோர்ட் ஆவணமாகவே உட்கார்ந்துகொள்ளும். பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது அதுவே எதிரே வந்து நிற்கும். சிகிச்சைக்கு மட்டும் தனி மனுப் போட்டால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது என்று எந்த அரசு வக்கீல் எழுந்து சொல்வார்? வெளி ஆஸ்பத்திரி அறுவை மருத்துவர் எழுதிய சீட்டு கைக்கு வந்த பிறகு ஜாமீன் மனுப் போடுங்கள். அப்போது அதற்கு வலு இருக்கும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆணை கையில் இருக்கும், ஆள் நகர மாட்டார். "வழிக்காவல் கேட்டிருக்கோம், வரல" என்பார்கள். கைதியை வெளியே கூட்டிப்போக ஆயுதப்படையிலிருந்து போலீஸ் வர வேண்டும். திருவிழா, மந்திரி வருகை, தேர்தல் என்று ஏதாவது வந்தால் முதலில் வெட்டு விழுவது கைதியின் ஆஸ்பத்திரிப் பயணத்தில். அதனால் உத்தரவின் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்ப வேண்டும் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவோம். எங்கள் சீனியர் அதற்கு "பஸ் டிக்கெட் வரி" என்று பெயர் வைத்திருக்கிறார்.

சட்டப்பணிகள் ஆணைக்குழு

காசில்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். காவலில் இருக்கிறவர் எவராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு. 1987ஆம் வருஷச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. 15100க்குப் போன் செய்யலாம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மாவட்டக் கோர்ட் வளாகத்தில் நேரில் போகலாம். சிறைக்குள் போய்வருகிற வக்கீல்களும் தன்னார்வலர்களும் அவர்களிடம் இருக்கிறார்கள். நம்மால் வாசலில் நின்று கேட்கத்தான் முடியும்; அவர்களால் உள்ளே போய்க் காலைப் பார்த்துவிட்டு வந்து எழுத முடியும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, மாவட்ட நீதிபதி தலைமையில் இருக்கும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு. கலெக்டர், எஸ்.பி., சிறை அதிகாரி எல்லாரும் அதில் உண்டு. தனிச் சிகிச்சை தேவைப்படும் நோயாளிக் கைதிகள் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஒரு வகை. அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி ஆணைக்குழுச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். நாள்பட்ட நோய்க்கு, டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சைக்கு, இது நல்ல வழி. அழுகும் விரல் அந்தக் கூட்டம் வரைக்கும் காத்திருக்காது.

ஹைகோர்ட் ரிட்

ரிட் என்பது, அரசோ அதிகாரியோ இதைச் செய்ய வேண்டும் என்று ஹைகோர்ட்டிடம் நேராக ஆணை கேட்கிற மனு. டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் 2004ல் தொடங்கிய மதுரைக் கிளைக்குள் வரும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றும் சென்னைக்குப் போக வேண்டும். கும்பகோணத்துக்காரருக்கு மதுரை, பத்துப் பதினைந்து மைல் தள்ளி இருக்கிற குடவாசல்காரருக்குச் சென்னை. இப்போது திருவாரூர் மாவட்ட வழக்கு, ஆள் இருப்பது திருச்சி மத்திய சிறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் மனு சென்னையில். சிறை இருக்கும் இடத்தை வைத்துச் சிகிச்சைக்கான ரிட் மதுரையில். ஒரே ஆளுக்கு இரண்டு திசையில் பஸ். வக்கீல் பேசும்போது முதலிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். மதுரை என்று சொல்லி வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பத்து நாள் கழித்துச் சென்னை என்பவர்களும் இருக்கிறார்கள்.

உள்ளே இருப்பவர் கையெழுத்துப் போடுவதற்குச் சிறை அதிகாரியின் சான்று வேண்டும், நாள் பிடிக்கும். ரிட் மனுவை அம்மாவோ மனைவியோ தங்கள் பெயரிலேயே போடலாம். கீழ்க்கோர்ட் ஆணை நிறைவேறவில்லை, அல்லது குறிப்பிட்ட மருத்துவமனையில் பெரிய சிகிச்சை வேண்டும், அல்லது மருத்துவக் குழு அமைத்துப் பார்க்க வேண்டும் என்கிற நிலைக்கு ரிட் பொருத்தம். கீழே ஒரு காகிதமும் போடாமல் நேராகப் போனால், "மனுதாரர் கண்காணிப்பாளருக்கு விண்ணப்பிக்கலாம், அவர் பரிசீலிக்க வேண்டும்" என்று ஒரு உத்தரவோடு திரும்பி வர நேரும். அந்த விண்ணப்பத்தை மன்னார்குடியிலிருந்தே அனுப்பியிருக்கலாம்.

நஷ்டஈடும் ரிட்டில் கிடைக்கும். விடுதலையான பிறகும் 14 வருஷத்துக்கு மேல் பீகார் சிறையில் அடைபட்டுக் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983ல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதில் இந்த வழி ஆரம்பித்தது. 1993ல் ஒடிசாவின் நீலபதி பெஹரா வழக்கில் அது உறுதியானது: போலீஸ் காவலுக்குப் போன மகன் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். அந்த அம்மா எழுதிய கடிதமே மனுவானது, 1,50,000 ரூபாய் தரச் சொன்னார்கள். "இறையாண்மை", அதாவது அரசின் மேல் வழக்கு நிற்காது, என்று சொல்லி அரசு தப்பிக்க முடியாது என்பதும் அதில் தீர்ந்தது. ஆனால் ரிட்டில் சாட்சிக் கூண்டு இல்லை. அரசு தரப்பின் ஆவணங்களிலேயே தவறு தெரிந்தால் பணம் வரும். "கொடுத்தோம்", "கொடுக்கவில்லை" என்று இரண்டு பக்கமும் முரண்பட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். முதல் நாளே முத்திரை வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மனித உரிமை ஆணையம்

வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, வெள்ளைத்தாளில் எழுதிப் போடலாம். சிறைக்குள் போய்ப் பார்க்கவும், அதிகாரிகளை அழைத்து விசாரிக்கவும் அதிகாரம் உண்டு. ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரைதானே என்று முன்பெல்லாம் அரசு கிடப்பில் போட்டுவிடும். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகு இந்த வாசலுக்கு மரியாதை கூடியிருக்கிறது.

கவனிக்க வேண்டியது இரண்டு. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். மாநில ஆணையத்தில் ஒரு புகார் நிலுவையில் இருந்தால் அதையே டெல்லியில் இருக்கிற தேசிய ஆணையம் எடுக்காது. இரண்டுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு இரண்டிலும் சிக்கிக்கொள்ளாதீர்கள். நாளைக்கு இன்சுலின் வேண்டும் என்பவருக்கு இது வழி இல்லை. நடந்ததற்குப் பதில் வேண்டும், பெரிய செலவு முடியாது என்பவருக்கு, என் பார்வையில், சிவில் வழக்கைவிட இது பல மடங்கு மேல்.

விட்டுவிடலாம் என்று நான் சொல்பவை

கலெக்டர் மனு: கொடுப்பதில் நஷ்டமில்லை. ஆனால் சிறை அவர் துறை இல்லை. மனு மேலே போய்ச் சுற்றி, நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டிய கண்காணிப்பாளருக்கே வந்து சேரும்.

நுகர்வோர் கோர்ட்: எல்லாருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கிற இடம் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறை ஆஸ்பத்திரி அந்த வகை.

டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு: கோபத்துக்கு இதம், பலன் அபூர்வம். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு படுமோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும், அதற்கு இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டும். அரசு ஊழியர் என்பதால் முன் அனுமதிப் பிரச்சினையும் வரும்.

இறந்துவிட்டால்

எழுதக் கை வரவில்லை, ஆனால் இங்கேதான் முதல் நாளிலேயே பெரிய தவறுகள் நடக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ல் நாடு முழுக்கச் சிறைகளில் 1,995 பேர் இறந்தார்கள். அதில் 1,773 "இயற்கை மரணம்". 1,382 சிறைகள் பற்றிய வழக்கில் 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது: நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காமல் செத்தவன் இயற்கையாகச் செத்தவனா? 2012 முதல் 2015 வரை இயற்கைக்கு மாறாக இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நஷ்டஈடு தர உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்றும் அதில் சொன்னார்கள். ஆகவே காகிதத்தில் "மாரடைப்பு" என்ற ஒரு சொல் விழுவதற்கு முன் குடும்பம் அங்கே இருக்க வேண்டும்.

காவலில் மரணம் என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். பழைய 176, இப்போது பி.என்.எஸ்.எஸ். 196. உறவினருக்குத் தகவல் சொல்லி, கூட இருக்கவும் விட வேண்டும். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கக் கேளுங்கள், அதற்கு முன் உடலைப் பார்க்கக் கேளுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது பழைய மருந்துச் சீட்டு, கண்காணிப்பாளருக்குப் போட்ட மனு, தபால் ரசீது எல்லாவற்றையும் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு வருகிற ரிட்டும் ஆணையப் புகாரும் அந்த விசாரணை அறிக்கையின் மேல்தான் நிற்கும்.

ரிட்டா, சிவில் வழக்கா என்றால், ஆவணம் தெளிவாக இருந்தால் ரிட். சிவிலில் தொகை கூடலாம், காலம் அதைவிடக் கூடும். ஆந்திராவில் கோயில்குண்ட்லா கிளைச்சிறையில் 1977 மே மாதம் வெடிகுண்டு வீசி ஒரு கைதியைக் கொன்றார்கள். வைத்தியக் குறைபாடு இல்லை, காவல் குறைபாடு. ஆனாலும் சிறையின் அலட்சியம் பற்றிய முக்கியமான வழக்கு. மகன்கள் சிவிலில் நஷ்டஈடு கேட்டு ஜெயித்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2000 ஏப்ரலில். இருபத்து மூன்று வருஷம்.

அரசு மேல் சிவில் வழக்கென்றால் இரண்டு மாத நோட்டீஸ் (சிவில் நடைமுறைச் சட்டம் 80) முதலில் கொடுக்க வேண்டும். மரணத்துக்கான நஷ்டஈட்டுக்குக் கெடு, இறந்த தேதியிலிருந்து இரண்டு வருஷம். சட்டக் கடமையின் பேரில் செய்த, செய்யாமல் விட்ட காரியம் என்று எதிர்த்தரப்பு வாதாடினால் ஒரு வருஷக் கெடுவைக் காட்டும். அதனால் எங்கள் ஆபீஸில் எப்போதும் ஒரு வருஷம் என்றே கணக்கு வைப்போம். இன்னொன்று: ஆள் இறந்த பிறகு "காவலில் இருப்பவர்" என்ற இலவச உதவித் தகுதி போய்விடும். ஆனால் மனுப் போடுவது மனைவியோ அம்மாவோ என்றால் பெண் என்ற முறையில் அதே 12ஆம் பிரிவில் உதவி உண்டு. அண்ணன் தம்பி பெயரில் போட்டுவிட்டு வருமானச் சான்றுக்கு அலைய வேண்டாம்.

அந்த அம்மாவின் மகன் விஷயம். திங்கட்கிழமை மதியமே கண்காணிப்பாளருக்கு மனு போனது. செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க் கோர்ட்டில் சிகிச்சைக்கான மனு, பஸ் டிக்கெட் வரியோடு. புதன்கிழமை உத்தரவு. வழிக்காவல் வந்தது சனிக்கிழமை. அன்றே ஆஸ்பத்திரியில் கைதிகள் வார்டில் சேர்த்து, இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. அறுவை மருத்துவர் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டை வைத்து ஆடியில் ஜாமீன் வாங்கினோம். அந்தச் சீட்டில் "சேர்க்கையின்போது இன்சுலின் இல்லை" என்று ஒரு வரி இருந்தது, அதைத்தான் சீனியர் சிவப்பு மையில் கோடு போட்டார்.

போன வாரம் அம்மா வந்திருந்தார். "ரெண்டு விரலுக்கு ஏதாச்சும் கேக்கலாமா தம்பி?" என்றார். கேட்கலாம், ஆணையத்துக்கு எழுதலாம் என்றேன். மகனுக்குக் கொஞ்சம் தயக்கம். வழக்கு இன்னும் நடக்கிறதே, யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்கிறானாம். சம்பா அறுப்பு முடிந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். கெடு வைகாசியில் முடிகிறது. தினசரிக் காலண்டரில் அந்தத் தேதி இன்னும் கிழிபடாமல் அடியில் இருக்கிறது. மூலையை மடித்து வைத்திருக்கிறேன்.